ஒரு நாற்றுமுடி நேரம்

பரிதியிடம் வரும் பெண்கள் எல்லோரும் முதலில் முதுகுவலி என்றுதான் சொல்வார்கள். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவள் இயன்முறை மருத்துவராகச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, "பரவால்லம்மா, சொல்லுங்க" என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் அந்த முதுகுவலி மெல்ல மெல்ல இறங்கித் தன் உண்மையான இடத்துக்கு வந்து சேரும். தும்மினால் புடவை நனைந்துவிடுகிறது என்பார் ஒருவர். கும்பகோணம் வரை பேருந்தில் உட்கார்ந்து போக முடியவில்லை என்பார் இன்னொருவர். இரண்டாவது பிள்ளை பிறந்ததிலிருந்து அடியில் ஏதோ இறங்கி நிற்பது போலவே இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொள்வார் மற்றொருவர்.

இடுப்பின் அடித்தளத்தில் ஒரு தொட்டில் போலப் பின்னிக் கிடக்கும் தசைகள் தளர்ந்துபோவதால் வருகிற தொல்லைகள் இவை. அந்தத் தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்த முடியும் என்பதைப் படம் வரைந்து காட்டிவிட்டு, எல்லோரிடமும் பரிதி ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வாள்.

"ஒண்ணுக்கு வர்றப்ப அடக்குவீங்கல்ல, அந்த மாதிரி உள்ள இழுத்துப் பிடிங்க. அஞ்சு எண்ணுங்க. விட்டுடுங்க. பத்து தடவ, மூணு வேளை."

வந்தவர்களுக்கு உடனே புரிந்துவிடுகிற வாக்கியம் என்பதால் அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கல்லூரியில் சொல்லிக்கொடுத்த நீண்ட விளக்கங்களை எல்லாம் சுருக்கி அவளே ஆக்கிக்கொண்டது அது.

அந்தச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த தன் தாய், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிய கையோடு அப்படியே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்ததை அவள் சமையலறைச் சன்னல் வழியாகப் பார்த்தாள். பொன்னுத்தாய் சுற்றுமுற்றும் ஒரு முறை பார்த்தார். பிறகு புடவைக்குள் கையை விட்டு எதையோ மேலே தள்ளி வைத்துவிட்டு, ஒன்றும் நடவாதது போல எழுந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்தக் கை அசைவில் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு நாளில் இரு நாளில் வந்த பழக்கமல்ல அது.

எத்தனையோ பேரிடம் பக்குவமாகக் கேட்டவள், தாயிடம் கேட்கும்போது கத்திவிட்டாள்.

"எத்தன வருஷமாம்மா இப்படி இருக்கு?"

"எது?"

"நான் பாத்துட்டேன்மா."

பொன்னுத்தாய் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு, "உன் தம்பி பொறந்ததுலேர்ந்து லேசா இருந்துச்சு. இப்ப ரெண்டு வருஷமா எறங்கி எறங்கி வருது. மெதுவாப் பேசு, அப்பா இருக்காரு" என்றார்.

பூதலூருக்குத் தெற்கே நாலு கிலோமீட்டரில் இருந்தது அவர்களுடைய ஊர். பொன்னுத்தாய்க்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. பன்னிரண்டு வயதில் வயலில் இறங்கியவர். இப்போது பதினொரு பெண்களைக் கூட்டிக்கொண்டு நடவுக்குப் போகிற குழுவுக்கு அவர்தாம் தலைமை. எந்த வயலுக்கு என்றைக்கு, எத்தனை ஆள், யார் நாற்றுப் பறிப்பது, யார் நடுவது என்பதெல்லாம் அவர் வாயால் வர வேண்டும். மகள் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, இனிமேல் வேலைக்குப் போக வேண்டாமே என்று கணவர் வீரையன் ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். அன்று முழுக்கப் பொன்னுத்தாய் அவருக்குச் சோறு போட்டாரே தவிர, அவரோடு பேசவில்லை.

மகப்பேறு மருத்துவர் ஹாஃபிஸா, பரிதி வேலை பார்க்கும் மருத்துவமனையிலேயே இருந்தார். பொன்னுத்தாயைச் சோதித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"கர்ப்பப்பை இறங்கியிருக்கும்மா. ரெண்டாம் ஸ்டேஜ். இப்பவே எடுத்துடணும்னு அவசியமில்ல. மூணு மாசம் பயிற்சி செய்யுங்க. கனம் தூக்காதீங்க, முக்காதீங்க. அதுக்கப்புறம் பாப்போம். இன்னும் எறங்கியிருந்தா ஆபரேஷன்தான் செய்யணும்."

"ஆபரேஷன் பண்ணிட்டா நடவுக்குப் போலாங்களா?"

"ஆறு மாசம் குனியவே கூடாது. அதுக்கப்புறமும் நாள் முழுக்கக் குனிஞ்சு செய்யிற வேலை வேணாம்னுதான் சொல்லுவேன்." பொன்னுத்தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, மருத்துவர் சிரித்துக்கொண்டே பரிதியைக் காட்டினார். "உங்களுக்கென்னம்மா கவலை? இதுக்குன்னே படிச்ச புள்ளையப் பெத்து வெச்சிருக்கீங்க."

திரும்பும்போது தஞ்சாவூர் ரயிலடியில் வண்டிக்குக் காத்திருந்த நேரத்தில்தான் பொன்னுத்தாய் வாயைத் திறந்தார்.

"எங்கூட நடவுக்கு வர்ற ராஜாத்தியோட நாத்தனா கர்ப்பப்பைய எடுத்துக்கிட்டு வந்தா. அப்பறம் வயல்ல காலே வெக்கல. ரெண்டு ஆட்டுக்குட்டியப் புடிச்சிக்கிட்டு ரோட்டோரமா நிக்கிறா. நாங்க நட்டுக்கிட்டு இருக்கறப்ப பாத்துக்கிட்டே நிக்கிறா, புள்ள. என்னைய அப்படி நிக்க வெச்சிடாத."

"மூணு மாசம் ஒழுங்கா செஞ்சா ஆபரேஷனே வேணாம்மா. நான் பொறுப்பு."

சொன்ன பிறகுதான், நோயாளிகள் யாரிடமும் இதுவரை அப்படி ஒரு வார்த்தையைச் சொன்னதில்லை என்பது பரிதிக்கு நினைவுக்கு வந்தது.

பயிற்சி தொடங்குவதற்கு முன் ஒரு முறையாவது கையுறை அணிந்து உள்ளே தொட்டுப் பார்க்க வேண்டும். தசை எவ்வளவு பிடிக்கிறது, மேல்நோக்கித்தான் பிடிக்கிறதா என்பதை விரலால் மட்டுமே அறிய முடியும். மருத்துவமனையில் முடிந்தவரை இதைச் செய்யாமல் பரிதி யாரையும் பயிற்சிக்கு அனுப்பியதில்லை. மறுத்தவர்களும் உண்டு. அவர்களை வாய்ச்சொல்லோடு அனுப்பியிருக்கிறாள். ஆனால் பொன்னுத்தாய் மறுத்தது வேறு விதம்.

"நீ வந்த வழிடி அது. அதுல நீயே கைய வெச்சுப் பாப்பியா? ஏன்டி, உனக்குக் கூச்சம் மானம் எதுவும் இல்லையா?"

"எனக்கு இதாம்மா வேலை."

"வேலைன்னா ஊருக்குப் பாரு."

"சரி, இர்ஃபானாகிட்ட காட்டுறியா? என்னோட வேலை பாக்குதுல்ல, அது."

"ஐய, அது நம்ம வீட்டுக்கு வந்து வாள மீன் கொழம்பு ஊத்திச் சாப்புட்ட புள்ள. அடுத்த தடவ வந்தா அது மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது? வாயால சொல்லு, போதும். நான் என்ன சின்னப் புள்ளயா?"

ஆகவே வாயால்தான் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்த அறையில் வீரையன் தொலைக்காட்சியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்துவிடாதபடி, அடுப்படியில் அரிசி களைகிற சத்தத்துக்கு நடுவே, பரிதி தன்னுடைய வாக்கியத்தைத் தாயின் காதோரம் சொன்னாள். ஒண்ணுக்கு வர்றப்ப அடக்குற மாதிரி.

அதுவரை கூனிக் குறுகி நின்றிருந்த பொன்னுத்தாயின் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, அடக்குறதுதானா? இதுக்கா இவ்வளவு? அது எனக்கு நல்லா வருமே. எங்க ஆளுங்க எல்லாருக்குமே நல்லா வரும்."

பரிதியும் சிரித்தாள். எவ்வளவு சுலபமாகப் புரிந்துகொண்டுவிட்டார் என்று மகிழ்ந்தாள். நாள்காட்டியின் தாளில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போட வேண்டும், ஒரு நாளைக்கு முப்பது கோடு என்று ஏற்பாடு செய்தாள். பொன்னுத்தாய் பள்ளிக்கூடம் போனவரில்லை என்றாலும், பறித்த நாற்றைப் பிடிபிடியாகக் கட்டிய நாற்றுமுடிகளை ஐந்தைந்தாக எண்ணிப் பழகியவர். நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று போட்டார். வைகாசி முழுவதும் முப்பது முப்பதாகக் கோடுகள் விழுந்தன. காலையில் ரயிலுக்கு ஓடும்போது பரிதி அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள்.

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. குறுவை நடவு தொடங்கியது. நாற்றுக்கட்டைத் தலையில் தூக்கக் கூடாது என்று பரிதி கேட்டுக்கொண்டாள். பொன்னுத்தாயும் ஒப்புக்கொண்டார். சொன்னபடி தூக்கவும் இல்லை. மற்றவர்கள் தூக்கிக் கொடுத்தார்கள்.

கோடுகள் நாற்பதாயின. பிறகு ஐம்பது. ஆனிக் கடைசியில் ஒரு நாள் அறுபத்தைந்து.

"வேல செய்யிற எடத்துலயே செஞ்சிடுறேன். வீட்டுல எங்க நேரம்?" என்றார் பொன்னுத்தாய்.

மறுநாள் மருத்துவமனையில் தேநீர் குடிக்கும்போது பரிதி இதைத் தோழியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"எங்கம்மா அறுபத்தஞ்சு போடுறாங்க, தெரியுமா? நம்ம பேஷண்ட்டெல்லாம் பத்துக்கே மூக்கால அழுவுறாங்க."

இர்ஃபானா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி, "நட்டுக்கிட்டேவா? குனிஞ்சுக்கிட்டேவா?" என்றாள். "நீ பாத்தியா?"

"பாக்கல. சொன்னாங்க."

"எங்க உம்மாகூடத்தான் தினமும் ரெண்டு கிலோமீட்டர் நடக்குறேன்னு சொல்லுது. பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் போயி உக்காந்து பேசிட்டு வந்துடும்."

அது கேலியாகத்தான் சொல்லப்பட்டது. ஆயினும் பரிதியின் மனத்தில் முள்ளாகத் தைத்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஒரு தூக்கில் தேநீரும் ஒரு பையில் உளுந்து வடையும் எடுத்துக்கொண்டு அவள் வயலுக்குப் போனாள்.

பன்னிரண்டு பேரும் வரிசையாகக் குனிந்து நின்றிருந்தார்கள். வெயில் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. நடவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வரிசையை விட்டுக் கரையேறினால் அவருடைய பங்கு இடம் மட்டும் நடாமல் பின்னால் தங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர்கள் சேர்த்து நட்டுக் கொடுக்க வேண்டும். ஆகவே சாப்பாட்டு நேரம் வரை யாரும் கரையேற மாட்டார்கள். பரிதி சிறுமியாக இருந்த நாளிலிருந்தே பார்த்த காட்சிதான் அது. ஆனால் அன்று அவளை முதலில் கண்ட ராஜாத்தி நிமிராமலே குரல் கொடுத்தார்.

"ஏ, டாக்டரு வருதுடி! எல்லாரும் இறுக்கிப் புடிங்க!"

வரிசை முழுவதும் சிரிப்பு ஓடியது. பரிதிக்கு விளங்கவில்லை.

"எதச் சித்தி இறுக்கிப் பிடிக்கிறது?"

"நீ சொல்லிக் குடுத்தியே, அதத்தான். உங்கம்மா ஒத்தையாவா செய்யும்? எங்க எல்லாத்தையும் சேத்து விட்டுருச்சு. 'எம்பொண்ணு ஊருக்கெல்லாம் காசு வாங்கிக்கிட்டுச் சொல்லிக் குடுக்குது, உங்களுக்குச் சும்மா கெடைக்குதுடி'ன்னு ஒரே பெரும."

"எப்படிச் செய்யிறீங்க? சொல்லுங்க."

"அஞ்சு எண்ணச் சொன்னியாமுல்ல? இங்க யாரு எண்றது? நாத்த எண்ணுவமா, இத எண்ணுவமா? அதுக்குத்தான் உங்கம்மா ஒரு சட்டம் போட்டுருக்கு. ஒரு முடியப் பிரிச்சா அடக்கணும். அந்த முடி நட்டுத் தீர்ற வரைக்கும் விடக் கூடாது. அப்படி ஒரு முடிக்கு ஒரு கோடு."

ஒரு நாற்றுமுடியை நட்டு முடிக்கக் கை விரைந்தவர்களுக்கே ஐந்தாறு நிமிடம் ஆகும். பரிதி தூக்கை வரப்பில் வைத்தாள்.

"முடி தீந்ததும் விட்டுடுவீங்கல்ல?"

"எங்க விடுறது? அதுக்குள்ள அடுத்த முடி கையில வந்துடுதே!" என்று ராஜாத்தி மறுபடி சிரித்தார்.

"காலையிலேர்ந்து யாராச்சும் ஒண்ணுக்குப் போனீங்களா?"

சிரிப்பு நின்றது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நின்ற ஒரு பெண், ஏதோ தேர்வில் விடை சொல்வதைப் போல, "இல்ல பாப்பா. போனா கணக்கு கெட்டுடும்ல? தண்ணி குடிச்சா வந்துடும்னு தண்ணியும் குடிக்கிறதில்ல" என்றார்.

"எரிச்சல் இல்லையா? வலி?"

"எனக்கு எரியுது" என்றார் ராஜாத்தி. "இதோ இவளுக்கும் எரியுது. மருந்து வேல செய்யுதுன்னு உங்கம்மாதான் சொல்லுச்சு."

பரிதி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். தான் சொன்ன வாக்கியத்தை மனத்துக்குள் ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, மூன்று மணிக்கு வீடு திரும்பும் வரை முப்பத்தேழு ஆண்டுகளாக அடக்கியே பழகிய ஒருவரிடம், அடக்குகிற மாதிரி செய் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

"சித்தி, இது தப்பு. மொதல்ல போயிட்டு வந்துதான் இதச் செய்யணும். மூத்திரத்த அடக்கச் சொல்லல, அந்த மாதிரின்னுதான் சொன்னேன். நல்லாத் தண்ணி குடிங்க. வந்தா உடனே போயிடுங்க."

"எங்க போறது?"

ராஜாத்தி அதை எதிர்த்துக் கேட்கவில்லை. உண்மையாகவே வழி தெரிந்துகொள்ளும் எண்ணத்தோடு கேட்டார். பரிதி சுற்றிலும் பார்த்தாள். கிழக்கே மினிபேருந்து போகிற சாலை. மேற்கே வாய்க்கால் கரையில் மண் வெட்டுகிற ஆண்கள். மோட்டார் கொட்டகையில் உரமூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில், கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை, கணுக்கால் உயரத்துக்கு நேற்று நட்ட நெல்.

"கரும்பா போட்டுருக்கு, மறைஞ்சுக்க?" என்றார் ராஜாத்தி.

பரிதி தேநீரை ஊற்றிக் கொடுக்கலாம் என்று எழுந்தாள். அப்போதுதான், இவ்வளவு பேச்சுக்கும் தன் தாய் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. பொன்னுத்தாய் வரிசையின் நடுவில், ஒரு கையால் விலாவைப் பிடித்தபடி நின்றிருந்தார். கொளுத்துகிற வெயிலில் அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. மறு கையில் பாதி நட்ட முடி இருந்தது.

"அம்மா, கரைக்கு வா."

"இரு புள்ள. இந்த முடி தீரட்டும்."

அந்த முடி தீரவில்லை. ராஜாத்தியும் பரிதியும் இருபுறமும் தோள் கொடுத்து அவரைக் கரையேற்றினார்கள்.

சிறுநீரில் தொற்று ஏற்பட்டுச் சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஆறு நாள் ஊசியும் குளுக்கோஸுமாகக் கிடந்தார் பொன்னுத்தாய். முதல் இரண்டு நாள் குழாய் போட்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே தொங்கிய பை தானாக நிறைவதை அவர் அச்சத்தோடு பார்த்தார். பிறகு புடவைத் தலைப்பை இழுத்து அந்தப் பையின் மேல் போர்த்தினார்.

காய்ச்சல் விட்ட பிறகு ஹாஃபிஸா மறுபடியும் சோதித்தார். பரிதியைத் தனியே அழைத்துச் சென்று சொன்னார்.

"மூணாம் ஸ்டேஜுக்கு வந்துடுச்சு, பரிதி. பயிற்சிய நம்பி இனிமே தள்ளிப்போட முடியாது. தொற்று சுத்தமாப் போகட்டும். ஆடிக் கடைசியில எடுத்துடுவோம்."

"நான் சொல்லிக் குடுத்ததாலதான் மேடம்..."

"இருபது வருஷமா எறங்கினது. நீ மட்டுமா காரணம்?" என்றார் அவர். அன்போடுதான் சொன்னார். ஆனால், நீ காரணமே இல்லை என்று அவர் சொல்லவில்லை.

தாயிடம் இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு பரிதியுடையதாயிற்று. பொன்னுத்தாய் சீறுவார், அழுவார், "நான் பொறுப்புன்னியே" என்று கேட்பார் என்றெல்லாம் எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை மனத்துக்குள் தயார் செய்துகொண்டு போனாள். பொன்னுத்தாய் அதில் எதையும் கேட்கவில்லை. கூரையில் சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தவறு செய்த மாணவியின் குரலில் மெல்லக் கேட்டார்.

"இன்னுங் கொஞ்சம் அடக்கியிருக்கணுமோ?"



அந்த வாரம் முழுவதும் அவள் தன் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளே சோதிக்க மறுத்து வாய்ச்சொல்லோடு போனவர்களுக்கு எல்லாம் தொலைபேசியில் பேசிப் பார்த்தாள். நாற்பத்தொரு பேர். பாதி எண்கள் அணைந்து கிடந்தன. வலங்கைமானிலிருந்து ஒரு துணிக்கடைப் பெண், "நல்லாப் போவுது மேடம். கடையில ஒன்பது மணி நேரமும் அடக்கிக்கிட்டே நிக்கிறேன்" என்று நன்றி சொன்னார். அவருக்கு எடுத்துச் சொல்லித் திருத்த முடிந்தது. பட்டுக்கோட்டை எண் ஒன்றில் கணவர் எடுத்தார்.

"யாரு? என்ன விஷயம்?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுறேங்க. அவங்க இருக்காங்களா?"

"என்கிட்ட சொல்லுங்க."

பரிதி, "முதுகுவலி எப்படி இருக்குன்னு கேக்கத்தாங்க" என்றாள்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

அறுவைச் சிகிச்சைக்கு முதல் நாள் பிற்பகல். பொன்னுத்தாய் மறுபடியும் அதே மருத்துவமனையில், அதே தளத்தில் படுத்திருந்தார். வீரையன் வாசலில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, மாத்திரைச் சீட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். மூன்று மணிச் சுற்றில் ஹாஃபிஸா வந்து போகும்போது, "ஆபரேஷனுக்கப்புறமும் அந்தப் பயிற்சி வேணும்மா. இல்லன்னா மத்ததும் எறங்கும். இந்தத் தடவையாச்சும் உங்க பொண்ணுகிட்ட சரியாக் கத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மருத்துவரின் காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது. பிறகு பொன்னுத்தாய் சொன்னார்.

"கதவச் சாத்து."

பரிதி சாத்தினாள்.

"திரைய இழு. அப்பா உள்ள வந்துடப் போறாரு." அதையும் இழுத்தாள். பொன்னுத்தாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "வந்து பாரு. என்ன பாக்கணுமோ பாத்துக்க."

மூன்று ஆண்டுகளில் எத்தனையோ முறை அணிந்த கையுறை, அன்று விரலில் ஏற மறுத்தது. சித்திரையிலேயே இந்தச் சொல் வந்திருந்தால் என்று ஓர் எண்ணம் எழுந்தது. அதை அவள் அப்படியே விழுங்கிக்கொண்டாள். தாய் அன்று சொன்ன மறுப்பைத் தான் இன்னும் கொஞ்சம் பொறுமையோடு கேட்டிருக்கலாம் என்றும் ஓர் எண்ணம் வந்தது. அதையும் விழுங்கினாள்.

"இப்ப நீ வழக்கமாச் செய்யிற மாதிரி செய்யும்மா."

பொன்னுத்தாய் மூச்சைப் பிடித்தார். தொடைகள் இரண்டும் இறுகின. வயிறு கல்லாயிற்று. கழுத்து நரம்பு புடைத்தது. தன் பலம் முழுவதையும் சேர்த்து அவர் அழுத்த, பரிதியின் விரல் வெளியே தள்ளப்பட்டது. எல்லாமே கீழ்நோக்கித்தான் வந்தன. ஒரு நாளைக்கு அறுபத்தைந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நாற்றுமுடி நேரம், இவ்வளவு பலத்தோடு அவர் அதைக் கீழேதான் தள்ளியிருக்கிறார்.

"சரியா?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டார் பொன்னுத்தாய்.

பரிதிக்குத் தன்னுடைய பழைய வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அதை இனி யாரிடமும் சொல்ல முடியாது. வேறு எதையாவது சொல்ல வேண்டும். எதைச் சொல்வது?

"அம்மா, சேத்துல கால் ரொம்பப் புதைஞ்சுட்டா எப்படி எடுப்ப?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லும்மா."

"மெதுவாத்தான் உருவணும். வெடுக்குன்னு இழுத்தா பக்கத்து நாத்து சாஞ்சிடும். மூச்ச விட்டுக்கிட்டே, அப்படியே மேல தூக்கணும்."

"அதே மாதிரி. கால அசைக்காம, வயித்த இறுக்காம, உள்ளுக்குள்ள மட்டும். மூச்ச விட்டுக்கிட்டே மேல உருவு."

முதலில் ஒன்றும் நிகழவில்லை. மறுபடியும் தொடை இறுகியது. பரிதி மறு கையால் அந்தத் தொடையை மெல்லத் தட்டினாள். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ, பொன்னுத்தாய் நீளமாக மூச்சை விட்டபோது, விரலைச் சுற்றி ஏதோ ஒன்று மிக லேசாகக் கூடி, ஒரு நெல் அளவு மேலே போயிற்று. உடனே தளர்ந்துவிட்டது.

"இதுதாம்மா."

"இதுவா?" பொன்னுத்தாய் முகத்தைத் திருப்பி மகளைப் பார்த்தார். "இவ்வளவுதானா? ஒண்ணுமே செய்யாத மாதிரில இருக்கு?"

"இவ்வளவுதாம்மா."

பொன்னுத்தாய் இன்னொரு முறை செய்து பார்த்தார். வந்தது. மூன்றாவது முறை வரவில்லை. நாலாவது முறை வந்தது. பரிதி கையுறையைக் கழற்றிவிட்டு, புடவையைச் சரிசெய்து, போர்வையை இழுத்துவிட்டாள். செவிலியர் கதவைத் தட்டி, அறுவைக்குச் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டிய தாளை நீட்டிவிட்டுப் போனார். பொன்னுத்தாய் கற்றுவைத்திருந்த தன் பெயரை அதில் எழுத்து எழுத்தாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு, தாளைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எத்தன மணிக்குக் கூட்டிக்கிட்டுப் போவாங்க?"

"ஏழரைக்கும்மா."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். வெயில் இன்னும் இருந்தது. மனத்துக்குள் ஏதோ கணக்குப் போட்டார்.

"இப்ப மணி நாலுதான ஆவுது? இந்தத் தடவ சரியாச் செய்யிறேன் புள்ள. ஏழரைக்குள்ள ஒரு முந்நூறு போட்டுடுவேன். காலையில அந்த டாக்டரம்மாவ இன்னொரு தடவ பாக்கச் சொல்லு. கொஞ்சமாச்சும் ஏறியிருந்தா விட்டுருவாங்கல்ல?"

பரிதி தாயின் கையிலிருந்து தாளை வாங்கினாள். ஏறாதும்மா என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் அவள் படித்திருந்தாள்.

"ஒரு பென்சில் குடு" என்றார் பொன்னுத்தாய். "நீ பக்கத்துல உக்காந்து எண்ணு."

சட்டைப் பையில் பேனா இருந்தது. அவள் அதை எடுத்துக் கொடுத்தாள். மாத்திரை உறையின் பின்பக்கத்தைத் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு, பொன்னுத்தாய் கண்ணை மூடி, மூச்சை மெல்ல விடத் தொடங்கினார்.

"ஒண்ணு" என்றாள் பரிதி.